ஓடுபவர்களைப் பத்திரிகைக்குப் படமெடுக்க: முதல் அசைன்மென்ட்டுக்குப் போகும் முன்

ஓடுகிற மனிதரைப் படமெடுக்க விலையுயர்ந்த கேமரா வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் இந்த வேலைக்குள் வருகிறார்கள். ஆனால் கால் எந்த நொடியில் தரையை விடுகிறது, எந்த வெளிச்சத்தில் முகம் துலங்கும் என்று தெரிந்தவர் சாதாரண கேமராவிலேயே அட்டைப்படம் எடுத்துவிடுவார். அது தெரியாதவர் கையில் நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமரா இருந்தாலும் நூற்றுக்கணக்கில் சுமாரான படங்களே மிஞ்சும். அதனால் இங்கே கேமராவைவிட ஓட்டத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். சென்னைக் கடற்கரையில், காலை நேரத்தில், ஓர் ஓட்டக்காரரை மாத இதழ் ஒன்றுக்காகப் படமெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்

"மாரத்தான் ஓடுறவர் ஒருத்தர், பீச்சுல நாலஞ்சு படம் எடுத்துடுங்க" என்று ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டே வரியில் சொல்வார்கள். அதோடு போனை வைத்துவிடாதீர்கள். படம் அட்டைக்கா, இரு பக்க விரிப்புக்கா, கட்டுரையின் ஓரத்தில் வரும் சின்னப் படமா என்று கேளுங்கள். அட்டைக்கு என்றால் செங்குத்துப் படம் வேண்டும். இதழின் பெயர் உட்கார, தலைக்கு மேல் சலனமில்லாத வானமோ சுவரோ தாராளமாக இருக்க வேண்டும். இரு பக்க விரிப்பு என்றால் நடு மடிப்பில் முகம் விழக் கூடாது. ஓட்டக்காரரை ஒரு பக்கத்தில் வைத்து, அவர் ஓடிப்போகும் திசையில் இடம் விடுங்கள். தலைப்பு அங்கேதான் வரும்.

கட்டுரையின் போக்கையும் கேளுங்கள். ஐம்பது வயதில் ஓடத் தொடங்கிய ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரைக்கும், கோடைக்கால ஷூக்களைப் பற்றிய கட்டுரைக்கும் ஒரே மாதிரிப் படம் பொருந்தாது. முதலாவதற்கு முகம் முக்கியம், இரண்டாவதற்குக் கால்.

அளவையும் மனதில் வையுங்கள். ஏ4 பக்கம் முழுவதும் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 2480 × 3508 பிக்சல் வேண்டும். இரு பக்கம் என்றால் 4960 × 3508, ஏறக்குறைய 17 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா போதும். ஆனால் தூரத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

2. ஓட்டத்தைப் படியுங்கள்

கேமராவை எடுக்காமல் ஒரு காலை மட்டும் கடற்கரைச் சாலையில் நின்று, ஓடுபவர்களின் கால்களையே பாருங்கள். ஒவ்வொரு எட்டிலும், அதாவது ஒவ்வொரு காலடியிலும், ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப வருவது தெரியும். பாதம் தரையில் பதிகிறது, உடல் அதன் மேலாகக் கடக்கிறது, முன்பாதம் தரையை உந்துகிறது, இரண்டு கால்களும் காற்றில் இருக்கின்றன, அடுத்த பாதம் பதிகிறது. நடைக்கும் ஓட்டத்துக்கும் வித்தியாசமே அந்தக் காற்றில் இருக்கும் கணம்தான். வெறும் கண்ணுக்குப் பிடிபடாத அந்தக் கணத்தைக் கேமரா பிடித்துக் காட்டியது 1878இல். புகைப்படக்காரர் எட்வர்ட் மைப்ரிட்ஜ் கலிபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதைப் பதிவு செய்தார். பிறகு பிலடெல்பியாவில் ஓடும் மனிதர்களையும் அப்படியே படமெடுத்தார். இன்று நாம் தேடுவதும் அந்தக் கணத்தைத்தான்.

பக்கவாட்டில் நின்று எடுத்தால் மிக அழகான ஃப்ரேம், பின்கால் தரையை உந்தி முடிக்கும் நேரத்திலும் அதற்கு அடுத்த நொடித்துளியிலும் கிடைக்கும். பின்கால் நீண்டிருக்கும், முன் முழங்கால் உயர்ந்திருக்கும், உடல் லேசாக முன் சாய்ந்திருக்கும். இதற்கு நேர்மாறானது பாதம் பதியும் கணம். குதிகால் மோதும்போது அதிர்ச்சி உடல் முழுக்க ஏறுகிறது. கெண்டைக்கால் தசை குலுங்கும், கன்னம் தொங்கும், கண் பாதி மூடும். எவ்வளவு நல்ல ஓட்டக்காரராக இருந்தாலும் அந்த ஃப்ரேமில் களைத்துப்போனவராகத் தெரிவார். உடல் நேராகக் காலின் மேல் இருக்கும் கணத்தில் எடுத்தாலோ, ஒற்றைக் காலில் நிற்பது போல இருக்கும்.

நேர் எதிரிலிருந்து எடுக்கும்போது கையைக் கவனியுங்கள். வலது முழங்கால் முன்னே வரும்போது இடது கை முன்னே வரும். அந்தக் கை முகத்தையோ மார்பையோ மறைக்காத ஃப்ரேம்தான் பயன்படும். சிலர் கைகளை மார்பின் குறுக்கே வீசி ஓடுவார்கள். அவர்களை எதிரிலிருந்து எடுக்காமல் முக்கால் பக்கக் கோணத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பெரும்பாலானவர்கள் நிமிடத்துக்கு 160 முதல் 180 எட்டு வரை வைக்கிறார்கள். அதாவது நொடிக்கு ஏறக்குறைய மூன்று. கேமரா நொடிக்கு 10 ஃப்ரேம் எடுத்தால் ஒரு எட்டுக்கு மூன்று ஃப்ரேம்தான் கிடைக்கும். அந்த மூன்றில் ஒன்று சரியான கணத்தில் விழலாம், விழாமலும் போகலாம். அதனால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்திடம் விடாதீர்கள். ஓட்டக்காரரின் தாளத்தை வாய்க்குள் எண்ணி, பின்கால் உந்தும் எட்டில் அழுத்தத் தொடங்குங்கள். தாள வாத்தியக்காரர் பாட்டைக் கேட்டுக்கொண்டே அடுத்த அடிக்குக் கை ஓங்குவதைப் போன்றது இது. ஒரு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும்.

இன்னொன்று: மெதுவாக ஓடினால் எடுப்பது சுலபம் என்று நினைத்து, "மெதுவா வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். மெதுவோட்டத்தில் காற்றில் இருக்கும் கணம் குறுகிப்போகும், எட்டு சிறுத்துப்போகும், படத்தில் நடப்பது போலத் தெரியும். ஐந்து கிலோமீட்டர் போட்டியில் ஓடும் வேகத்தில், ஆனால் முப்பது மீட்டர் மட்டும் ஓடச் சொல்லுங்கள்.

3. வெளிச்சம் உங்களுக்காகக் காத்திருக்காது

சென்னையில் ஜூன் மாதத் தொடக்கத்தில் சூரியன் 5.40 மணி சுமாருக்கும், ஜனவரிக் கடைசியில் 6.35 சுமாருக்கும் உதிக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். ஒரு மணி நேரத்தில் 14 டிகிரி உயர்ந்துவிடும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட புகைப்படக் குறிப்புகளில் வரும் நீண்ட பொன்னிற நேரம் இங்கே கிடையாது. நல்ல வெளிச்சம் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கெல்லாம் வெளிச்சமும் கடுமையாகிவிடும், ஓடுபவரும் வெந்துபோவார். ஐந்து மணிக்கே இடத்தில் இருங்கள்.

உதிக்கும் திசையும் மாறும். ஜூனில் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. போன மாதம் பார்த்து வைத்த கோணம் இந்த மாதம் உதவாது. சூரியனின் இடத்தைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு, முந்தைய நாளே போய்ப் பாருங்கள்.

கடலைப் பின்னணியாக வைத்தால் காலையில் சூரியன் ஓட்டக்காரருக்குப் பின்னால் இருக்கும். உடலைச் சுற்றி ஒளிக்கோடு விழும், வியர்வைத் துளிகள் மின்னும், முகம் இருட்டும். அதைச் சரிசெய்ய, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் வேண்டும். ஸ்டூடியோவில் பிடிக்கும் தெர்மகோல் பலகை கடற்காற்றில் நிற்காது, உடைந்து பறக்கும். மடக்கு ரிஃப்ளெக்டரும் அதைப் பிடிக்க வலுவான ஆளும் வேண்டும். எனக்குப் பிடித்தது இதைவிட எளிமையானது: கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓட விடுவது. வெளிச்சம் கடல் பக்கமிருந்து உடலின் ஒரு பாதியில் விழும். தொடைத் தசையும் தோளும் செதுக்கியது போலத் தெரியும். வேறெந்தக் கருவியும் தேவைப்படாது.

தோல் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் கேமராவின் மீட்டர் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். கறுத்த தோல் உள்ளவரின் முகத்தில் கண்ணும் மூக்கும் காணாமல் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தை, ஒன்று முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூட்டுங்கள், அல்லது ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஆனால் பிறகு கணினியில் உட்கார்ந்து தோலை வெளுப்பாக்காதீர்கள். வடிவமைப்பாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். வெயிலில் வருடக்கணக்கில் ஓடிய உடலின் நிறம் அது. வாசகர் பார்க்க வேண்டியதும் அதுதான்.

மார்கழியில் காலைப் பனி வெளிச்சத்தை மென்மையாக்கித் தரும். இன்னொரு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். போகியன்று மட்டும் வேண்டாம். புகை படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒருவரை மூச்சு வாங்க ஓடவைப்பது சரியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் சாலையில் தேங்கும் நீரில் ஓட்டக்காரரின் பிம்பம் விழும். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் வெறும் தார்ச்சாலையே பின்னணியாகிவிடும்.

4. இடம்

எலியட்ஸ் கடற்கரையில் எல்லோரும் போகும் இடம் காரல் ஷ்மிட் நினைவு மண்டபம். அதன் வெள்ளைச் சுவர் நல்ல பின்னணிதான். ஆனால் எத்தனையோ படங்களில் வந்துவிட்டது. வேறு சுவர் தேடுங்கள்.

மணலில் எடுக்கும்போது உலர்ந்த மணலில் ஓட விடாதீர்கள். கால் புதைந்து நடை கெட்டுவிடும், கணுக்காலும் பிசகலாம். அலை வந்து போன ஈர மணல் இறுகியிருக்கும், வானத்தின் நிறத்தையும் பிரதிபலிக்கும். ஒவ்வொரு முறை ஓடியதும் காலடித் தடம் விழும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. முதல் ஓட்டத்தை உங்களுக்கு மிக அருகில் வைக்காமல் தள்ளி வையுங்கள், அல்லது அலை வந்து தடத்தை அழிக்கும்வரை காத்திருங்கள். உப்புத்தண்ணீர் ஷூவைக் கெடுக்கும். பழைய ஜோடி ஒன்றையும் கொண்டுவரச் சொல்வது மரியாதை.

மீனவர் குப்பங்களை ஒட்டிய கரையில் படகுகளும் வலைகளும் பின்னணிக்கு நன்றாக இருக்கும். காயப்போட்ட வலைமீது யாரும் மிதிக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவர்களிடம் "அண்ணே, ஒரு அரை மணி நேரம் இங்க படம் எடுத்துக்கலாமா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கையில் கேமரா மட்டும் இருந்தால் பொதுவாக யாரும் கேட்பதில்லை. விளக்கு, ஸ்டாண்ட், உதவியாளர் என்று இறங்கினால் போலீஸ் வந்து அனுமதிக் கடிதம் கேட்பார்கள். பத்திரிகையின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி, மாநகராட்சியிலும் காவல்துறையிலும் முன்கூட்டியே பேசிவையுங்கள். ட்ரோன் என்றால் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பறக்க விடாதீர்கள். ஊட்டி, ஏற்காடு பக்கம் போனால் காப்புக்காட்டுக்கு வனத்துறையிடமும், தேயிலைத் தோட்டத்துக்கு அதன் நிர்வாகத்திடமும் அனுமதி வேண்டும்.

5. கேமராவில் என்ன வைப்பது

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1600 நொடியில் தொடங்குங்கள். கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் ஓடுபவர் நொடிக்கு நான்கு மீட்டருக்கும் சற்று அதிகமாக நகர்கிறார். 1/1000 நொடியில் அவர் உடல் நான்கு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். முன்னோக்கி வீசும் பாதமோ உடலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் போகும். 1/500 வைத்தால் முகம் கூர்மையாக இருந்தும் ஷூ கலங்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 2.8 முதல் 4 வரை. ஷட்டரையும் அப்பர்ச்சரையும் கையால் வைத்துவிட்டு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள், வெளிச்சம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். ஃபோகஸ் தொடர் ஃபோகஸாக இருக்க வேண்டும். கேனனில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, நிகானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் போட்டுவையுங்கள். பல கேமராக்களில் எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் வேகமாக வீசும் கால் வளைந்து தெரியும், மெக்கானிக்கலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

லென்ஸ் 70-200 ஒன்றும் 24-70 அல்லது 35 மில்லிமீட்டர் ஒன்றும் இருந்தால் போதும். வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். கையில் 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வைத்தே முழு அசைன்மென்ட்டையும் முடிக்கலாம்.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். அது விலக அரை மணி நேரம்கூட ஆகும். அதற்குள் சூரியன் ஏறிவிடும். முந்தைய இரவே பையை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். மணலில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திய துணியால் கேமரா உடலைத் துடைத்து உப்பை எடுங்கள்.

6. ஓட்டக்காரரோடு

அவர் வந்ததும் கேமராவைத் தூக்காதீர்கள். பத்து நிமிடமாவது அவர் உடலைச் சூடாக்கிக்கொள்ளட்டும். குளிர்ந்த தசையோடு வேகமாக ஓடச் சொன்னால் பின்தொடையில் பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் போட்டி இருக்கிறதா, காலில் ஏதாவது வலி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு படத்துக்காக ஒருவரின் பல மாதப் பயிற்சி வீணாகிவிடக் கூடாது.

மணலிலோ சாலையிலோ ஓர் அடையாளம் வைத்து, அதற்கு இருபது மீட்டர் முன்னிருந்து ஓடிவரச் சொல்லுங்கள். அடையாளத்தை அடைவதற்குள் இயல்பான ஓட்ட நடை வந்துவிடும். அடையாளத்தைத் தாண்டியும் பத்து மீட்டர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் முன்னாலேயே வேகத்தைக் குறைப்பார். "கேமராவைப் பார்க்காதீங்க, அந்த லைட் கம்பத்தைப் பாருங்க. கையை இறுக்காதீங்க, தோளைத் தொங்க விடுங்க." இவ்வளவு போதும். மூத்தவர் என்றால் சாரோ அம்மாவோ, அவருக்கு எது பழக்கமோ அப்படிக் கூப்பிடுங்கள். கத்தி உத்தரவு போடுவதைவிட, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அருகில் போய்த் திரையில் ஒரு படத்தைக் காட்டினால் அவரே அடுத்த முறை சரிசெய்துகொள்வார். தன் நடையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர்.

பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். களைத்ததும் முழங்கால் உயர்வது குறையும், படமும் தளர்ந்துபோகும். தண்ணீரும் வாழைப்பழமும் நீங்களே கொண்டுபோங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து வியர்வை போலக் காட்டுவது விளம்பரப் படத்தில் வழக்கம். பத்திரிகைக் கட்டுரைக்கு அது பொய். நம் ஊரில் அந்தத் தேவையும் வராது.

7. எடுக்கும் வரிசை

முதலில் கட்டாயம் வேண்டியது: அட்டைக்கோ விரிப்புக்கோ கேட்ட படம். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் முதல் இருபது நிமிடம் அதற்கு மட்டும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகத் தெரியும், பின்னணியில் வானம் கூடும், பார்க்கிங் வண்டிகளும் குப்பைத்தொட்டியும் மறையும். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது பேனிங். ஷட்டரை 1/30க்கு இறக்கி, கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பி, ஓட்டக்காரரின் முகத்தோடு கேமராவை நகர்த்துங்கள். முகம் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வர வேண்டும். மரங்களோ சுவரோவியமோ இருக்கும் பின்னணிதான் இதற்கு ஏற்றது, வெறும் வானம் கோடாகாது. இருபது எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்று பக்கத்தையே தூக்கி நிறுத்தும்.

ஓட்டக்காரருக்கு முன்னால் வண்டியில் போய்க்கொண்டே எடுப்பதும் உண்டு. குட்டியானையின் பின்பக்கம் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அதன் புகை நேராக ஓடுபவரின் மூக்கில் போகும். பேட்டரி ஆட்டோ கிடைத்தால் மேல். கல்லூரி வளாகம் போன்ற வாகனமற்ற சாலையில், அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் கடுமையானதும் நிழலுக்குப் போய், ஷூ கயிறு கட்டும் கை, வாட்ச், உப்புப் பூத்த பனியன், மூச்சு வாங்கியபடி நிற்கும் முகம் எல்லாம் எடுங்கள். ஓடி முடித்த இரண்டாவது நிமிடத்தில் முகத்தில் எந்தப் பாவனையும் இருக்காது. உருவப்படத்துக்கு அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

8. போட்டி நாள் என்றால்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் போன்ற போட்டிகள் விடியுமுன்னே தொடங்கிவிடும். தெருவிளக்கு வெளிச்சத்தில் வேகமான ஷட்டர் வைத்தால் படத்தில் பட்டைகள் விழலாம். கேமராவில் விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் ஃப்ளிக்கர் தடுப்பு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் 1/100 வைத்துப் பேனிங் செய்யுங்கள். விடிந்ததும் ஓட்டக்காரர்களின் முகம் பார்க்கும் இடத்தில், வளைவுக்கு வெளிப்புறமாக, அவர்கள் பாதையை மறிக்காமல் நில்லுங்கள்.

முன்னால் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1967 பாஸ்டன் மாரத்தானே சாட்சி. பெண்களை அப்போது ஏற்காத அந்தப் போட்டியில் 261ஆம் எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண்ணின் எண்ணைப் பிய்க்க, போட்டி அதிகாரி ஒருவர் சாலையில் பாய்ந்தார். ஓட்டக்காரர்களுக்கு முன்னால் பத்திரிகையாளர் வண்டி போய்க்கொண்டிருந்ததால் அது படமாகப் பதிவானது. பெண்கள் மாரத்தான் ஓடும் உரிமைக்கான வாதத்தில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

9. அனுப்புவதும் அதன் பிறகும்

அதே நாளில் தேர்வு செய்யுங்கள். பத்துப் படம் கேட்டால் பதினைந்துக்கு மேல் அனுப்பாதீர்கள், ஒரே ஓட்டத்தின் நான்கு ஃப்ரேம்களையும் அனுப்பாதீர்கள். ஃப்ளோரசன்ட் பச்சையிலும் ஆரஞ்சிலும் வரும் ஷூவும் சட்டையும் திரையில் ஜொலிக்கும், அச்சு மையில் மங்கிவிடும். இதை வடிவமைப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஓட்டக்காரரிடம் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் ஒரு சட்டையும் எடுத்துவரச் சொல்லியிருங்கள். பெயர், ஊர், எடுத்த தேதி எல்லாவற்றையும் ஃபைலிலேயே எழுதி அனுப்புங்கள். பெயரின் எழுத்துகளை அவரிடமே கேட்டுச் சரிபாருங்கள்.

பதிப்புரிமையை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். படம் உங்களுடையதாக இருக்க வேண்டுமென்றால், ஒருமுறை அச்சிட மட்டுமே உரிமை என்று எடுக்கப் போகும் முன்பே மின்னஞ்சலில் எழுதி, அவர்கள் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டக்காரரிடமும் சம்மதக் கடிதம் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. பிறகு ஏதாவது ஷூ நிறுவனம் அதே படத்தை விளம்பரத்துக்குக் கேட்டால், பத்திரிகைக்குக் கொடுத்த சம்மதம் அதற்குப் போதாது. ஓட்டக்காரரை அழைத்துச் சொல்லுங்கள், புதிதாக எழுதி வாங்குங்கள், அவருக்கும் ஒரு தொகை பேசிக் கொடுங்கள்.